நற்சூதர்: ஓர் அடைமொழியின் வரலாறு

நற்சூதர் என்பது 63 நாயன்மாருள் ஒருவரான மூர்க்க நாயனாருக்குப் பெரியபுராணம் தரும் மற்றொரு பெயர். இவர் பிறந்த ஊர் திருவேற்காடு. இன்று சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அருகில், கூவம் ஆற்றங்கரையில் அவ்வூர் உள்ளது. இவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ளது.

சூது தமிழ் அறநூல்கள் கடிந்த தொழில். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் அதன் தீமையையே பேசுகிறது. அத்தொழில் செய்தவரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'நல்' என்னும் ஒரு சிறு அடைமொழி எப்படி வந்து நின்றது? அது சூதை நல்லதாக்குகிறதா, அல்லது வேறொன்றைச் சொல்கிறதா? இலக்கியத்தில் ஓர் அடைமொழி செய்யக்கூடிய வேலையை அறிய இக்கேள்வி உதவும்.

தொகை, அந்தாதி, புராணம்

நாயன்மார் வரலாறு மூன்று படிகளில் வளர்ந்தது. முதல் படி, சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை. 11 பாட்டுகளே கொண்ட இப்பதிகம் தனியடியார் 60 பேரையும் தொகையடியார் 9 கூட்டத்தாரையும் வணங்குகிறது. இரண்டாம் படி, நம்பியாண்டார் நம்பி இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதி. இது அடியாரின் ஊரையும் தொண்டையும் சுருக்கமாகச் சொல்வது. மூன்றாம் படி, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். 4,000க்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட இந்நூல் பன்னிரண்டாம் திருமுறையாக வைத்துப் போற்றப்படுகிறது.

11 பாட்டுகளில் இத்தனை பேரைச் சொல்ல வேண்டியிருந்ததால், சுந்தரருக்கு ஒவ்வோர் அடியாருக்கும் கிடைத்த இடம் மிகச் சிறிது. பலருக்கு ஓர் அடைமொழியும் ஒரு பெயரும்தான். அந்த அடைமொழிகளே பின்னர் வரலாறுகளுக்கு வித்தாயின. சுந்தரர் பாட்டுகளின் தொடக்கச் சொற்களையே சேக்கிழார் தம் சருக்கங்கள் பலவற்றுக்குப் பெயராக வைத்ததும் இவ்வுறவைக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு தண்டியடிகள். இவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளத்தைக் கயிற்றைப் பிடித்தபடி தோண்டியவர். சுந்தரர் இவருக்குக் கொடுத்த அடை 'நாட்டமிகு' என்பது. நாட்டம் என்றால் கண். நாட்டம் என்றால் விருப்பமும்கூட. கண் இல்லாதவரைக் 'கண் மிகுந்தவர்' என்பது போல ஒலிக்கும் அந்த ஒரு சொல்லில், அவருடைய உள்ளத்து வேட்கையும் பின்னர் அவர் பெற்ற பார்வையும் அடங்கிவிடுகின்றன. சேக்கிழார் பாடிய தண்டியடிகள் புராணத்தை அந்த ஒரு சொல்லின் விரிவு என்றே படிக்கலாம்.

சென்னையின் மேற்குப் பகுதி இரண்டு நாயன்மாரைத் தந்தது. ஒருவர் ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார். மனத்திலேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். சுந்தரர் இவரை 'மறைநாவன்' என்னும் சிறப்போடும் ஊர்ப்பெயரோடும் வணங்குகிறார். மற்றொருவர் மூர்க்கர். தண்டியடிகளைச் சொன்ன அதே அடியில் இவரும் வருகிறார். ஆனால் இவருக்கு அடை இல்லை, ஊர் இல்லை, தொண்டு இல்லை. 'மூர்க்கர்' என்னும் பெயர் மட்டும் நிற்கிறது. அதுவும் இயற்பெயர் போலத் தெரியவில்லை. குணத்தைக் கொண்டு பிறர் இட்ட பெயர்போல் இருக்கிறது. இந்தக் கடுமையான சொல்லால் வழங்கப்பட்ட ஒருவரை அடியார் வரிசையில் வைப்பதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு சேக்கிழாரிடம் வந்து சேர்ந்தது.

மூர்க்கர் வரலாறு

மூர்க்க நாயனார் புராணம் வம்பறா வரிவண்டுச் சருக்கத்தில் உள்ளது. அதே சருக்கத்தில் உள்ள திருஞானசம்பந்தர் புராணம் 1,256 பாட்டுகள் கொண்டது. மூர்க்கர் புராணமோ சில பாட்டுகளில் முடிந்துவிடும்.

கதை எளியது. தொண்டை நாட்டுத் திருவேற்காட்டில் வேளாண் குலத்தில் பிறந்த ஒருவர், சிவனடியாருக்கு உணவளித்த பிறகே தாம் உண்பது என்னும் நெறியை வழுவாமல் நடத்தி வந்தார். அடியார்கள் நாளும் பெருகினர். கைப்பொருள் கரைந்தது. நிலமும் உடைமையும் விற்றுத் தீர்ந்தன. அப்போது, முன்பு எப்போதோ கற்றிருந்த சூதாட்டம் அவர் நினைவுக்கு வந்தது. அதில் வந்த பொருளால் அடியாருக்கு அமுதூட்டத் தொடங்கினார். நாளடைவில் சொந்த ஊரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போயிற்று. ஊரை விட்டுப் புறப்பட்டார். தலங்கள்தோறும் சென்று வணங்கி, அங்கங்கே சூதாடி, வந்த பொருளால் உணவளித்துக் கடைசியில் கும்பகோணத்தை அடைந்தார். பழைய நூல்கள் அதைக் குடந்தை என்று சொல்லும்.

அங்கே அவர் ஆடிய முறையைச் சேக்கிழார் மறைக்காமல் சொல்கிறார். முதல் ஆட்டத்தில் தாமே தோற்று, பணையப் பொருளை எதிராளி எடுத்துக்கொள்ள விடுவார். அடுத்தடுத்த ஆட்டங்களில் தொடர்ந்து வென்று பெரும்பொருள் சேர்ப்பார். தோற்றவர் தரவேண்டியதைத் தராமல் பேச்சால் மறுத்தால், இடுப்பிலுள்ள சுரிகையை உருவிக் குத்துவார். சுரிகை என்பது உடைவாள். இதனால் அவருக்கு உலகில் இரண்டு பெயர்கள் ஏற்பட்டன. ஒன்று நற்சூதர், மற்றொன்று மூர்க்கர்.

சூதில் வந்த பொருளை அவர் கையால் தொடுவதில்லை. உணவு சமைப்பவர்களே அதை எடுத்துக்கொள்வார்கள். அடியார்கள் உண்டு முடித்த பிறகு கடைப்பந்தியில் அமர்ந்து அவர் உண்பார். இவ்வாறு வாழ்ந்து சிவபதம் அடைந்தார் என்று புராணம் முடிகிறது. கார்த்திகை மாதத்து மூல நட்சத்திரத்தில் அவருடைய குருபூசை நடைபெறுகிறது.

அடைமொழி பற்றிய இலக்கணம்

ஒரு பெயருக்கு முன் நின்று அதைச் சிறப்பிக்கும் சொல்லை அடை அல்லது அடைமொழி என்பர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறின் அடிப்படையில் அடை வரும். நெய்க்குடம், மலைத்தேன், கார்நெல், பூமரம், செந்தாமரை, ஆடுபாம்பு என முறையே எடுத்துக்காட்டலாம்.

அடைமொழியில் இரண்டு வகை உண்டு. செந்தாமரை என்னும்போது வெண்தாமரை என்னும் இனம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகச் 'செம்' வந்தது. இது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்னும்போது கருஞாயிறு என்று ஒன்று இல்லை. இங்கே 'செம்' எதையும் பிரிப்பதில்லை, ஞாயிற்றைச் சிறப்பிக்க மட்டும் செய்கிறது. இது இனமில்லா அடை.

இனமில்லா அடை உலக வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. வீட்டிலும் தெருவிலும் பேசுபவர் தேவையில்லாமல் அடை சேர்க்கமாட்டார், புலவர் சேர்க்கலாம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பிற்காலத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் இரு வழக்கிலும் வரும் என்றது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மொழி வழக்கு மாறியிருந்ததை இலக்கணமும் ஏற்றுக்கொண்டது.

இவ்விரு வகையையும் மூர்க்கர் பிறந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்களிலேயே காணலாம். வேற்காடு 'திருவேற்காடு' ஆனபோது, 'திரு' இல்லாத வேற்காடு ஒன்றிலிருந்து அதைப் பிரிப்பது நோக்கமன்று. வழிபாட்டுச் சிறப்பே நோக்கம். ஆகவே அது இனமில்லா அடை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலை 'வடதிருமுல்லைவாயில்' என்பது வேறு வகை. சீர்காழிக்கு அருகே தென்திருமுல்லைவாயில் இருப்பதால் 'வட' இனம் பிரிக்கிறது. ஒரே பெயரில் 'வட' இனமுள்ள அடையாகவும் 'திரு' இனமில்லா அடையாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருவேற்காட்டில் இன்று பெரிதும் அறியப்படும் கருமாரியம்மன் பெயரில் உள்ள 'கரு', முத்துமாரி போன்ற பிற மாரியம்மன்களிடமிருந்து இவளைப் பிரித்துக் காட்டுகிறது.

இதை நற்சூதர் என்னும் பெயரில் பொருத்திப் பார்க்க வேண்டும். 'நல்' இனமுள்ள அடை என்றால், தீய சூதர் என்று மற்றோர் இனம் உண்டு. அவர்களிடமிருந்து இவர் பிரிக்கப்படுகிறார். இனமில்லா அடை என்றால், சூதாடும் எல்லோருமே நல்லவர் என்று ஆகிவிடும். அறநூல் மரபில் வந்த ஒரு புலவர் பின்னதைச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே இங்கே இலக்கணக் கேள்வியும் அறக்கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன.

ஒரே பாட்டில் நான்கு சூது

இக்கேள்விக்குச் சேக்கிழார் பாட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. இரு பெயர்களையும் சொல்லும் அந்தப் பாட்டு நான்கு அடிகள் கொண்டது. நான்கு அடிகளும் எதுகையோடு தொடங்குகின்றன. தொடங்கும் சொற்கள்: முற்சூது, பிற்சூது, சொற்சூது, நற்சூதர்.

நான்கிலும் 'சூது' என்னும் சொல் மாறவில்லை. முன் நிற்கும் அடை மட்டும் மாறுகிறது. முன், பின் என்பவை காலம் பற்றியவை. முதலில் ஆடியது, பிறகு ஆடியது என்ற அளவில் நிற்கின்றன. அவை நன்மை தீமை பேசவில்லை. மூன்றாவதான சொற்சூது, தோற்ற பிறகு கொடுக்காமல் வாயால் செய்யும் வஞ்சனை. நான்காவதாக 'நல்' வருகிறது. அது ஆட்டத்தின்மேல் ஏறாமல் ஆடியவர்மேல் ஏறுகிறது.

இந்த வரிசையில்தான் 'நல்' என்பதன் பொருள் தெளிவாகிறது. அதற்கு எதிராக நிற்கும் இனம் 'சொற்சூது' செய்தவர்கள். ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டு வென்றவர் ஒரு பக்கம், விதியை ஒப்புக்கொண்டு ஆடிவிட்டுச் சொல் மாறியவர் மறுபக்கம். சூது தீயது என்னும் பொது அறத்தை இப்பாட்டு மறுக்கவில்லை. அந்தத் தீமைக்குள்ளேயே சொல் தவறாமை என்று ஒன்று உண்டு என்பதை அடைமொழியால் பிரித்துக் காட்டுகிறது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. இப்பெயர்களைத் தாம் இட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. உலகில் இவ்வாறு பெயர் பெற்றார் என்றே பாட்டு முடிகிறது. நல்லவர் என்ற தீர்ப்பும் மூர்க்கர் என்ற தீர்ப்பும் உலகத்தார் வாயிலிருந்து ஒன்றாகவே வருகின்றன. புலவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடவில்லை.

'நல்' என்பதன் பொருள்கள்

'நல்' எளிய சொல்லாகத் தோன்றினாலும் பல பொருள்களில் வழங்குவது. சென்னைப் புறநகரில் 'நல்ல தண்ணீர்' என்றால் குடிக்கத் தக்க நீர். உப்புத் தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்கும் அடை அது. 'நல்ல வெயில்', 'நல்ல அடி' என்னும்போது மிகுதி பொருளாகிறது. அடி வாங்கியவனுக்கு அதில் நன்மை ஒன்றும் இல்லை. 'நல்ல பாம்பு' என்பது கொடிய நச்சுப் பாம்பின் பெயர். அஞ்சத்தக்க ஒன்றை மங்கலமான சொல்லால் குறிக்கும் வழக்கின் பயனாக அதைக் கருதலாம்.

பழைய இலக்கணமும் இப்பன்மையை அறிந்திருக்கிறது. தொல்காப்பிய உரியியல் 'நன்று' என்னும் சொல்லுக்குப் 'பெரிது' என்னும் பொருளைத் தருகிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால் நற்சூதர் என்பதை மூன்று வகையில் படிக்கலாம். அறத்தால் நல்லவரான சூதர் என்பது ஒன்று. ஆட்டத்தில் கைதேர்ந்த சூதர் என்பது இரண்டு. பெரிய சூதர் என்பது மூன்று. குடந்தையில் அவரிடம் தோற்றவர்கள் இரண்டாவது பொருளில் சொல்லியிருக்கலாம். அவர் இட்ட சோற்றை உண்டவர்கள் முதல் பொருளில் சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லை இரு தரப்பாரும் தத்தம் பொருளில் ஆள முடியும் என்பதே இவ்வடைமொழியின் வலிமை.

இதற்குச் சங்க இலக்கியத்தில் ஒரு முன்னோடி உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 'நெடு', 'நல்' என இரண்டு அடைகளைப் பெயரிலேயே கொண்டது. துன்பம் தரும் வாடைக் காற்று எப்படி நல்லதாகும்? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கம் தருகிறார். தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவிக்கு அது நெடிய வாடை, பாசறையில் வெற்றி பெறும் அரசனுக்கு அது நல்ல வாடை. காற்று ஒன்றுதான். யாருக்கு என்பதைப் பொறுத்து அடை மாறுகிறது. நற்சூதர், மூர்க்கர் என்னும் இரு பெயர்களும் இவ்வாறே ஒருவர்மேல் இரு பக்கத்திலிருந்து விழும் ஒளி.

அடைமொழி மறைக்காதவை

அடைமொழி ஒருவரை உயர்த்தும்போது குறைகளை மூடிவிடவும் கூடும். இப்புராணத்தில் அப்படி நடக்கவில்லை. சூதில் பெறும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைப் போன்றது என்று குறள் சொல்கிறது. முதல் ஆட்டத்தில் தோற்று எதிராளியை இழுக்கும் மூர்க்கரின் முறையில் அந்தத் தூண்டில் அவர் கையிலேயே இருக்கிறது. சேக்கிழார் அதைச் சொல்லிவிட்டுத்தான் 'நல்' என்னும் அடைக்கு வருகிறார். சுரிகையும் அதே பாட்டில் உள்ளது. 'நற்சூதர்' என்னும் சொல்லுக்கு முந்தைய அடியிலேயே குத்து நிகழ்ந்துவிடுகிறது.

பொருளை அவர் தொடாமல் விட்டதும் இதை உறுதிப்படுத்துகிறது. அந்தப் பணம் தூயது என்று அவரே எண்ணியிருந்தால் தொடாமல் இருக்கக் காரணமில்லை. கடைப்பந்தியில் அமர்வதும் தம்மைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் செயல். வழி குறையுடையது என்பதை உணர்ந்தவராகவே சேக்கிழார் அவரைக் காட்டுகிறார்.

'மூர்க்கர்' என்ற பெயரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வடமொழியில் இச்சொல் அறிவிலியைக் குறிக்கும். தமிழில் முரடன், பிடிவாதக்காரன் என்ற பொருளே பெரிதும் வழங்குகிறது. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பது பழமொழி. இந்த நாயனார் பிடித்த பிடி அடியாருக்குச் சோறிடுவது. செல்வம் போனபோதும், ஊர் போனபோதும், நற்பெயர் போனபோதும் அவர் அதை விடவில்லை. அவருடைய குறையைச் சொல்லும் சொல்லே அவருடைய தொண்டின் உறுதியையும் சொல்லிவிடுகிறது.

பிற அடியார் பெயர்களில் அடை

பெரியபுராணத்தில் வேறு சில பெயர்களிலும் ஓர் அடைமொழி வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. வாதாபிப் போரில் வென்ற படைத்தலைவர் பரஞ்சோதியார். அடியார் முன் தம்மைச் சிறியவராக்கிக்கொண்டு பணிந்ததால் அவர் சிறுத்தொண்டர் ஆனார். 'சிறு' இங்கே குறைவைச் சொல்லவில்லை, பெருமையைச் சொல்கிறது. கூன் பாண்டியன் என்று வழங்கப்பட்ட அரசன், திருஞானசம்பந்தரால் நோயும் கூனும் நீங்கியபின் நின்றசீர் நெடுமாறன் எனப்பட்டான். அங்கே ஓர் அடை போய் மற்றோர் அடை வந்தது. விறன்மிண்டர் பெயரில் 'மிண்டு' முரட்டுத்தனத்தைக் குறிக்க, 'விறல்' என்னும் அடை அதை வீரமாக்குகிறது.

இவற்றுள் நெடுமாறன் பெயரில் பழைய அடை மறைந்துவிடுகிறது. சிறுத்தொண்டர் பெயரில் இயற்பெயரே பின்னுக்குப் போய்விடுகிறது. மூர்க்கர் வரலாற்றில் மட்டும் புகழும் பழியும் இரண்டு தனிப் பெயர்களாக, ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன.

பெயரின் பிற்காலம்

பின்வந்த காலத்தில் இவ்விரு பெயர்களும் ஒரே அளவில் நிலைக்கவில்லை. நாயன்மார் பட்டியலிலும் கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையிலும் நின்றது மூர்க்க நாயனார் என்னும் பெயரே. சுந்தரர் தொகையில் ஏறிய பெயர் அது என்பதே காரணம். நற்சூதர் என்னும் பெயர் பெரியபுராணத்தைப் படிப்பவர்க்கு மட்டும் தெரிந்ததாகச் சுருங்கியது.

1852இல் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசன நூலாக வெளியிட்டார். செய்யுள் படிக்க இயலாதவர்க்கும் நாயன்மார் கதைகள் எட்டின. ஆனால் முற்சூது, பிற்சூது, சொற்சூது, நற்சூதர் என்று நான்கு அடிகளின் தலைப்பில் நிற்கும் ஒலியொழுங்கு செய்யுளுக்கு மட்டுமே உரியது. அது இல்லாமல் கதையை மட்டும் கேட்பவருக்கு, அடியாருக்காகக் கத்தியை எடுத்த ஒரு சூதாடியின் கதையாக மட்டுமே இது தோன்றக்கூடும். அவரை ஏன் நல்லவர் என்றனர், யாரிடமிருந்து பிரித்து அப்படிச் சொன்னர் என்பது மூலப்பாட்டின் அடைகளை வரிசையாகப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

இலக்கியம் படிக்கும் மாணவர் அடைமொழியைக் காணும்போது கேட்க வேண்டிய கேள்விகளையும் இப்பெயர் கற்றுத்தருகிறது. இந்த அடை எந்த இனத்திலிருந்து இதைப் பிரிக்கிறது? யாருடைய வாய்ச்சொல்லாக அது வருகிறது? அதை எடுத்துவிட்டால் எது குறைகிறது? நற்சூதர் என்பதில் 'நல்' போய்விட்டால் எஞ்சுவது ஒரு சூதர் மட்டுமே. 'மூர்க்கர்' என்பது போய்விட்டால், சுரிகையால் குத்துண்டவர்கள் கதையிலிருந்து மறைந்துவிடுவார்கள். சேக்கிழார் இரண்டையும் ஒரே அடியில் வைத்துவிட்டுச் சென்றார்.